மஞ்சள் பெட்டியில் மணல் இல்லை

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சௌனா என்னும் நீராவிக் குளியலறையின் அடுப்புக் கல்லின் மேல் வெறுங்கையை வைத்துச் செய்த சத்தியம். கை சுடவில்லை. அன்றைக்கு அடுப்பு பற்றவைத்திருந்ததா என்று கேட்பவர்கள் சந்தேகப் பிராணிகள். அவர்களுக்குக் காதல் கதை சரிப்படாது.

கோட்கா, கடலே உறையும் குளிர்தேசத்துத் துறைமுக நகரம். சொர்சா தெரு, ஏழாம் எண் கட்டடம். மூன்றாம் மாடியில் தூலிக்கி என்றொரு பெண். இரண்டாம் மாடியில் ஆர்வோ என்றொருவன். நான்கு ஆண்டுகளாக அவனுடைய கூரைதான் அவளுடைய தரை. ஆனாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வெளியே கிளம்பும் முன் கதவில் காதை வைத்துக் கேட்பது அந்த ஊர் வழக்கம். படிக்கட்டில் காலடி கேட்டால் அப்படியே நிற்க வேண்டும். பூட்ஸ், குல்லா, கம்பளிக் கோட்டு எல்லாவற்றோடும் வியர்த்துக்கொண்டு... ஓசை அடங்கிய பிறகுதான் கதவு திறக்கும். அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கும் மரியாதை அது. ஒருமுறை மூன்று மாடிக்காரர்களும் ஒரே நேரத்தில் பூட்ஸ் மாட்ட, ஒருவர் பூட்ஸ் சத்தம் இன்னொருவர் காதில் விழ, எல்லாரும் எல்லாருக்காகவும் காத்திருந்து, அந்தச் செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டடத்திலிருந்து யாருமே வேலைக்குப் போகவில்லை.

கீழ்வீட்டுக்காரனைப் பற்றித் தூலிக்கிக்குத் தெரிந்ததெல்லாம் மூன்றே விஷயம். காலையில் காபி வாசம். மாலையில் வானொலியில் கடல் வானிலை. அப்புறம்... அந்த 'டொக்'.

அந்த 'டொக்' பிறந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் ஒஸ்மோவைச் சொல்ல வேண்டும்.

தூலிக்கிக்கு வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை. ஒஸ்மோ அவள் கவனிப்பில் இருந்தவர். இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆளும் கிட்டத்தட்ட ஒரு இழுவைப் படகு அளவு. செப்டம்பரில் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். தூலிக்கி அக்குளில் கை கொடுத்து இழுத்துப் பார்த்தாள். காலைப் பிடித்துப் பார்த்தாள். துண்டைக் கட்டி இழுத்துப் பார்த்தாள். துண்டுதான் கிழிந்தது. மீட்பு வண்டி வரும்வரை அந்தச் சில்லென்ற தரையில் அவர் பக்கத்திலேயே தானும் படுத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதே பொண்ணே," என்றார் ஒஸ்மோ. "இங்கேருந்து பார்த்தா மேல்கூரை நல்லாத்தான் இருக்கு."

அவர் முன்னால் சிரித்தாள். வீட்டுக்கு வந்துதான் அழுதாள். அழுது முடித்ததும் முடிவு செய்தாள்... இனி என் கண்முன் விழுந்த மனிதன் தரையில் கிடக்கக் கூடாது.

பலம் வேண்டும். ஆனால் பலத்துக்கு இந்த உலகத்தில் வாடகை கேட்கிறார்களே. கண்ணாடிச் சுவர் வைத்த ஜிம்மின் சந்தாவைப் பார்த்தாள். கதவை மரியாதையாகச் சாத்திவிட்டு வந்தாள். எடை தூக்கும் இரும்புத் தட்டுகள் விற்கும் கடைக்குப் போனாள். வெண்ணெய் விலையில் இரும்பு விற்றுக்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசியில் ரை தானிய ரொட்டியும் பட்டாணி சூப்பும் சாப்பிடுகிறவளுக்கு இரண்டுமே எட்டாது.

மனம் கனத்துத் திரும்பியபோது முற்றத்தில் அது நின்றது. மஞ்சள் பெட்டி. குளிர்காலத்தில் நடைபாதை வழுக்காமல் இருக்கத் தூவும் கருங்கல் மணல், கழுத்துவரை நிரம்பி...

மணல். கனம். இலவசம்.

"கடனாத்தான் எடுக்கறேன்," என்று பெட்டியிடம் சொன்னாள். "வசந்தம் வந்ததும் கொட்டிடறேன்." பெட்டி மறுக்கவில்லை.

பழைய சாமான் சந்தையில் பட்டாளத்துச் சிப்பாயின் பெரிய துணிப்பை ஒன்று கிடைத்தது. பாதி நிரப்பினாள். கால்களை அகட்டி, முதுகை வளைக்காமல், இடுப்பிலிருந்து குனிந்து, மூட்டையை மடிக்கு ஏற்றி, மடியிலிருந்து தோளுக்கு... தோளில் ஏறியதும் அப்படியே உட்கார்ந்து எழுவாள். ஒருநாள் தூக்கினால் மறுநாள் ஓய்வு. மூட்டை லேசாகத் தோன்றுகிற அன்று, சாயங்காலமே பையோடு கீழே போய் இன்னொரு காபிக் குவளை மணல். கைப்பிடி உறுதிப்பட, விடியும் முன்பு முற்றத்துக்குப் போய், தரைவிரிப்பைத் தொங்கவிட்டுத் தூசி தட்டும் கம்பியைப் பிடித்துத் தொங்குவாள். டிசம்பர் வாக்கில் குளிர்சாதனப் பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதன் அடியில் பெருக்கத் தொடங்கியிருந்தாள். சாதாரணமாகச் செய்தாள், அடியில் தூசி இருந்தது, அவ்வளவுதான்.

மூட்டையை இறக்கும்போது மட்டும், தடித்த கம்பளத்தின் மேல் போட்டாலும், 'டொம்' என்று ஒரு சத்தம்.

உடனே கீழே, மாடிக்கு மாடி ஓடும் வெந்நீர்க் குழாயில், 'டொக்'.

முதல் நாள் தூலிக்கி பதறிப் போனாள். திட்டுகிறான். இரண்டாம் நாள் கோபம் வந்தது. நானென்ன நடுராத்திரியிலா தூக்குகிறேன்? வீம்புக்கு மறுபடி தூக்கி மறுபடி போட்டாள். 'டொம்'. கீழே... அமைதி.

இதுதான் அவளைக் குடைந்தது. திட்டுகிறவன் இரண்டாவது சத்தத்துக்கு அல்லவா இன்னும் பலமாகத் தட்ட வேண்டும்? தூக்குகிற நாளெல்லாம் அதே கதை. டொம்... டொக்... டொம்... அப்புறம் அமைதி. கோபக்காரனா? கிறுக்கனா? எப்படி இருப்பான்? தாடி வைத்திருப்பானா? பட்டாணி சூப்பைக் கிளறும்போதெல்லாம் தூலிக்கி அந்த ஒற்றை 'டொக்'கையே கிளறிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு பிற்பகல், அந்த மழை வந்தது.

வானத்திலிருந்து கிளம்பும்போது மழை. தரையைத் தொட்டதும் உறைந்து கண்ணாடி. மரக்கிளை ஒவ்வொன்றும் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டது... ஒரு கடற்பறவை தபால் நிலையத்து வாசலில் இறங்கியது; வழுக்கிப் போய் மீன் சந்தையில்தான் நின்றது. அதுவும் மீன் சந்தைக்குத்தான் போக வேண்டியிருந்ததால் யாரும் வியக்கவில்லை.

பூட்ஸில் வழுக்காமலிருக்க முள்பட்டை கட்டியிருந்த தூலிக்கி பத்திரமாக முற்றத்துக்குள் வந்தாள். அங்கே, திறந்து கிடந்த மஞ்சள் பெட்டிக்கு முன்னால் ஒருவன் மல்லாந்து கிடந்தான். கையில் காலி வாளி. மழை அவன் கண்ணிமைகளில் விழுந்து, யோசித்து, வழிந்தது...

"அடி பலமா?"

"இல்ல. சும்மா படுத்திருக்கேன்."

"மழையிலயா?"

"வாளியைக் கட்டிக்கிட்டுப் படுத்தாத்தான் தூக்கம் வரும்."

சிரிப்பு வந்தது. காலிப் பெட்டி கண்ணில் பட்டதும் சட்டென்று அதன் மூடியைச் சாத்தினாள். அந்தப் பெட்டியின் மணல் எந்த வீட்டுக் கம்பளத்தின் மேல் இருக்கிறது என்று அவளுக்குத்தானே தெரியும்?

"எழுந்திருக்க முடியுமா?"

"கணுக்கால் என்கூடப் பேச மாட்டேங்குது. ரெண்டாவது மாடிதான் என் வீடு. கொஞ்சம் கழிச்சு மெதுவா தவழ்ந்து..."

ரெண்டாவது மாடி. தூலிக்கியின் இதயம் ஒரு படி தவறியது. இவனா? தாடி இல்லை. காதுகள்தான் கொஞ்சம் பெரிசு...

"வேணாம். தூக்கிடறேன்."

"எதை?"

"உங்களைத்தான்."

"நான் தொண்ணூறு கிலோங்க."

"சட்டையோடவா, சட்டை இல்லாமலா?"

பெரிய காதுகள் இரண்டும் சிவந்தன. "வாளியோட," என்றான்.

கால்களை அகட்டினாள். முதுகை வளைக்காமல் குனிந்தாள். மடிக்கு... மடியிலிருந்து தோளுக்கு. அவ்வளவுதான். அவன் உலகம் தலைகீழானது. மழை கீழேயிருந்து மேலே பெய்தது.

படிக்கட்டில் ஒவ்வொரு கதவின் பார்வைத் துளையும் வரிசையாக இருண்டது. முதல் மாடியில், கட்டடக் குழுவின் தலைவி ஹெல்வியின் கதவுக்குப் பின்னால் ஒரு தும்மல் பாதியில் அடக்கப்பட்டது.

தோளில் தொங்கிய குரல் மெல்லக் கேட்டது. "நீங்க... மேல்வீடா?"

"ம்."

"நீங்கதான் டொம்மா?"

"நீங்கதான் டொக்கா?"

 வாளி கைப்பிடிக் கம்பியில் இடித்துக்கொண்டே வந்தது. அந்த 'டொக்' எதற்கு என்று கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு நாக்கு துடித்தது. அதற்குள் கதவு வந்துவிட்டது. தலைகீழாகத் தொங்கியபடியே அவன் பூட்டைத் திறந்தான்.

நாற்காலியில் இறக்கியபோதுதான் கண்களை நேராகப் பார்த்தாள். கடல் உறைவதற்கு முதல்நாள் அதற்கு ஒரு நிறம் வரும்... சாம்பலும் இல்லை, நீலமும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு நாளைக்கு அதன் மேல் நடந்துபோய்விடலாம் என்று தோன்றும். அந்த நிறம்.

"நான் ஆர்வோ. துறைமுகத்துல கிரேன் ஓட்டறேன். நானும் தினம் கனம் தூக்கறவன்தான்... ரெண்டு விரலால."

"தூலிக்கி."

"இந்தக் கட்டடத்து மணலுக்கும் நான்தான் பொறுப்பு. பெட்டி காலியா இருக்கு பாருங்க."

தூலிக்கி வாளியை எடுத்து மூலையில் வைத்தாள். "யாராவது... எடுத்திருப்பாங்களோ?"

அவன் அவளைப் பார்த்தான். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான். "காத்து அடிச்சிட்டுப் போயிருக்கும்."

"மூடி போட்ட பெட்டியிலேருந்தா?" வாயை அடக்க முடியவில்லை அவளால்.

"கோட்கா காத்து அப்படி."

அடுத்த வாரம் முழுவதும் மாலையில் தூலிக்கி இரண்டாம் மாடிக் கதவைத் தட்டினாள். கணுக்காலுக்குக் கட்டுப் போட என்று காரணம். ஆர்வோ ஒற்றைக் காலில் நின்று சால்மன் சூப் வைப்பான். சதகுப்பைக் கீரையை அவன் நறுக்கும் அழகைப் பார்த்து, கட்டை இன்னொரு முறை அவிழ்த்துக் கட்டுவாள். காலைவிடக் கட்டு பெரிதாகிவிட்டது.

"எப்படிங்க இவ்வளவு பலம்?"

"வேலை அப்படி." பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

"ஒரு வாரமா மேல சத்தமே காணோமே?"

"உடம்பு சரியில்ல."

அதைக் கேட்டு அவன் முகம் ஏன் வாடியது என்று அவளுக்குப் புரியவில்லை. அவளால் மூட்டையைத் தொட முடியவில்லை என்பதுதான் நிஜம். அதைப் பார்க்கும்போதெல்லாம் மழையில் கிடந்த அந்தக் கண்ணிமைகள் நினைவுக்கு வந்தன. திருப்பிக் கொட்டிவிடலாம் என்றால், கணுக்கால் சுளுக்கிய மணல் பொறுப்பாளர் நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து முற்றத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உண்மையைச் சொன்னால் இந்தச் சூப் கிடைக்காது. இந்தக் கண்கள் உறைந்துவிடும். விழுந்தவனைத் தூக்கியவள் என்று நினைத்திருக்கிறான். விழவைத்தவளே அவள்தான் என்று தெரிந்தால்?

இதற்கிடையில் ஒஸ்மோ கட்டிலிலிருந்து நழுவி விழுந்தார். தூலிக்கி அவரை ஒரு கையால் தூக்கி, தலையணையையும் சரிசெய்து, மறு கையிலிருந்த தேநீர்க் கோப்பையை அவரிடம் கொடுத்தாள்.

"கிரேன்ல தூக்கின மாதிரி இருந்துச்சு," என்றார் ஒஸ்மோ.

கிரேன் என்ற சொல்லுக்கு அவள் கன்னம் ஏன் சிவந்தது என்று அவர் கேட்கவில்லை. தேநீரை மட்டும் சத்தமாக உறிஞ்சினார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை, துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்துக் கூடத்தில் கட்டடக் கூட்டம். காபி. ஏலக்காய் பன். ஒருவருக்கொருவர் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஹெல்வி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். "ஒவ்வொரு வீட்டுலயும் ஒருத்தராவது விழுந்து எழுந்தாச்சு. நானும் விழுந்தேன். எங்க விழுந்தேன்னு சபையில சொல்ல மாட்டேன். தரைவிரிப்பு தட்டற கம்பியில விடியக்காலம் எதுவோ தொங்குதுன்னு வேற தகவல். மணலை எடுத்தது யாரு?"

தூலிக்கி எழ நினைத்தாள். வாய் நிறையப் பன். கையில் பலம் வந்திருந்தது, முழங்காலில்கூட வந்திருந்தது. நாக்கில் மட்டும் வரவில்லை.

நாற்காலி நகரும் சத்தம். ஆர்வோ ஒற்றைக் காலில் எழுந்து நின்றான். "யாரும் எடுக்கல. புது மணலுக்குச் சொல்லிவிட நான்தான் மறந்துட்டேன்."

"இத்தனை வருஷம் மறக்காதவன் இப்ப எப்படிய்யா மறந்த?"

"வயசாகுதுல்ல."

"முப்பத்தஞ்சுலயா? பொறுப்பைக் கழட்டிடறேன். கால் சரியானதும் முற்றத்து ஐஸை நீயே கடப்பாரையால உடைக்கிற. வசந்தம் வரைக்கும்."

"சரி."

தலை குனிந்து உட்கார்ந்தான். அந்தச் 'சரி' கேட்டதும் தூலிக்கி மீதிப் பன்னைத் தட்டில் வைத்துவிட்டாள். எனக்காக இல்லை... அவனுக்குத் தெரியாதே. தன் தவறு என்றே நம்புகிறான். பாவம்...

கூட்டம் முடிந்து எல்லாரும், ஒருவர் பின் ஒருவராக, போதிய இடைவெளியில், அவரவர் வீட்டுக்குள் போனார்கள். தூலிக்கி நேராக மேலே போனாள். மூட்டையைப் பார்த்தாள். குனிந்தாள். மடி... தோள். கதவைத் திறந்து படியிறங்கினாள். ஒவ்வொரு படியிலும் ஓங்கி மிதித்தாள். கட்டடம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. எந்தக் கதவும் திறக்காது என்று அவளுக்குத் தெரியும். படிக்கட்டில் ஆள் இருக்கும்போது யார் கதவைத் திறப்பார்கள்?

இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்தது.

அந்தக் கட்டடம் கட்டிய நாளிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை. மேலே எங்கோ ஒரு தட்டு கைநழுவி உடைந்தது.

ஆர்வோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான்தான் அந்தத் திருடி," என்றாள் தூலிக்கி. "உங்களை விழவெச்சது நான்தான்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அக்டோபர்லேருந்தே தெரியும். உங்க பையில ஒரு தையல் விட்டிருக்கு. மஞ்சள் பெட்டியிலேருந்து உங்க கதவு வரைக்கும் மணல் கோடு. காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பெருக்கிட்டுப் போவேன். புது மணல் கேட்டா ஹெல்வி கணக்குக் கேப்பாங்க... அதான் கேக்கல. நான் விழுந்ததுக்கு நானும் பாதிக் காரணம்."

தூலிக்கியின் முகத்தில் ரத்தம் ஏறியது. "அப்ப ஒரு வாரமா நான் கட்டுப் போட வந்து பூசி மெழுகினதெல்லாம்..."

"நல்லா இருந்துச்சு."

"தெரிஞ்சே என்னை நடிக்க விட்டீங்களா? கூட்டத்துல எனக்காகப் பழியையும் வாங்கிக்கிட்டு... என்னைப் பார்த்தா பாவமா இருக்கா? என்னை யாரும் சுமக்க வேணாம்."

"நான் எங்க சுமந்தேன்? சுமந்தது நீங்கதானே."

 ஆத்திரத்தில் மூட்டையை அவன் கையில் திணித்தாள். அவன் வாங்கினான். வாங்கியபடியே வாசற்படியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே மூட்டைக்கு அடியில் போனான்.

"இது... இவ்வளவு கனமா?"

"நீங்க இதைவிடக் கனம்."

"என்னை எப்படித்தான் தூக்கினீங்களோ..."

"முதுகை வளைக்காம." பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் எங்கே போனதென்று தேடினாள்; கிடைக்கவில்லை. பல மாதமாகக் குடைந்த ஒன்று மட்டும் இருந்தது. "அந்த டொக்... எதுக்கு?"

அவன் மூட்டைக்குப் பின்னாலிருந்து பேசினான். முகம் தெரியாததால் தைரியமாகப் பேசினான். "மேல டொம்முன்னு விழுந்தது மூட்டையா, நீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதனால ஒரு தடவை தட்டுவேன். நல்லா இருக்கீங்களான்னு அர்த்தம். மறுபடி டொம்முன்னு கேட்டா, இருக்கீங்க. அதுக்கப்புறம்தான் நான் சாப்பிட உட்காருவேன்."

அவள் கண்களில் அந்தப் பிப்ரவரி மழை... "மேல வந்து நேர்ல கேக்கறதுதானே?"

"எப்ப வந்தாலும் படிக்கட்டுல ஆள் இருந்தாங்க."

"இத்தனை மாசமாவா?"

"ஆள் இருக்கற மாதிரியே எனக்குத் தோணிச்சு." மூட்டை மெல்ல மூச்சுவிட்டது. "இந்த ஒரு வாரம் சத்தம் இல்ல. நீ இங்கதான் வந்துட்டுப் போற, கட்டுப் போடற, நல்லாத்தான் இருக்கன்னு தெரியுது. ஆனாலும் கதவு சாத்தினதும் கூரையையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். சூப் இறங்கல, தூலிக்கி. மணலுக்கு மட்டும் பொறுப்பா இருந்தது போதாதுன்னு தோணுது."

"அதைத்தான் இப்பக் கழட்டிட்டாங்களே. வேற எதுக்குப் பொறுப்பு வேணுமாம்?"

காதுகள் மட்டும் மூட்டையின் இரு பக்கமும் தெரிந்தன. இரண்டும் கொதித்துச் சிவந்திருந்தன.

"உனக்கு."

 அந்த ஊரில் யாரும் அவ்வளவு பெரிய சொல்லுக்குச் சொல்லால் பதில் சொல்வதில்லை. கையை நீட்டினாள். கைப்பிடிக் கம்பியில் விரல் முட்டியால் ஒரே ஒருமுறை தட்டினாள்.

டொக்.

மூட்டைக்கு அடியிலிருந்து ஒரு முஷ்டி வெளியே வந்து, தரையில் இடித்தது.

டொம்.

அப்போது முதல் மாடியிலிருந்து, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, ஹெல்வியின் குரல் கேட்டது. "பேசி முடிச்சாச்சா? குப்பை கொட்டப் போகணும். பூட்ஸ் மாட்டிக்கிட்டு எவ்வளவு நேரம் நிக்கறது? போகும்போது படியைப் பெருக்கிடுங்க. ரெண்டு பேரும்."

பெருக்கினார்கள். மணலை மஞ்சள் பெட்டியில் கொட்டினார்கள். வசந்தத்தில் கல்யாணம். மணப்பெண் மாப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். ஒஸ்மோ கீழேயிருந்து கைதட்டினார். ஒவ்வொரு கதவும் ஒரு விரற்கடை திறந்தது. இப்போதும் மாலையில் மேல்வீட்டில், கடற்கரை மணல் நிரப்பிய மூட்டை விழும் சத்தம் கேட்கும். கீழ்வீட்டைக் காலி செய்துவிட்டதால், 'டொக்' மட்டும் பக்கத்து அறையிலிருந்து வரும்.

சொர்சா தெருவில் மாடி வைத்த கட்டடம் ஒன்றுகூடக் கிடையாது. சத்தியம் செய்த அன்றைக்கு அடுப்பும் பற்றவைத்திருக்கவில்லை.